டயல் பண்ணிய பிறகு வரும் மௌனம்: இணைய போன் அடாப்டரில் டயல் பிளானைத் திருத்திய விபரம்

ஸ்காபரோவில் பெரியம்மா வீட்டு போன் லைன் இப்போது செப்புக் கம்பியில் வருவதில்லை. ரவுட்டருக்குப் பக்கத்தில் சிஸ்கோ எஸ்பிஏ112 என்ற சின்னக் கறுப்புப் பெட்டி (இதுதான் அடாப்டர், சாதாரண போனை இணையத்தோடு இணைப்பது), அதிலிருந்து கோட்லெஸ் போனின் அடித்தட்டுக்கு ஒரு வயர், அவ்வளவுதான். மாதச் செலவும் பழைய லைனுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் நம்பரை அழுத்தி முடித்த பிறகு எட்டு ஒன்பது விநாடிக்கு ஒரு சத்தமும் இல்லை. "தம்பி, இது செத்துப்போன போன். நம்பர் அடிச்சு முடிஞ்சும் ஒரு மூச்சையும் காணேல்லை" என்பார் பெரியம்மா. மூச்சைக் காணவில்லை என்று கட் பண்ணி, திரும்ப அடித்து, திரும்ப அதே எட்டு விநாடியைக் கேட்டு, கடைசியில் பேரனின் செல்போனைத் தேடுவார்.

இதற்கு இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான்: டைமரைக் குறை, அதாவது ஒரு இலக்கத்துக்குப் பிறகு அடுத்த இலக்கம் வருமா என்று அடாப்டர் காத்திருக்கும் நேரத்தை. 3 விநாடியை 2 ஆக்கு, 2ஐ 1 ஆக்கு. இளம் ஆட்கள் இருக்கிற வீட்டில் அது வேலை செய்யும். எழுபதைத் தாண்டியவர் கொப்பியைப் பார்த்து டயல் பண்ணும் வீட்டில் அது புது வியாதியைக் கொண்டு வரும். விசாரித்துப் பார்த்தபோது அந்த வியாதி ஏற்கனவே வந்து போயிருந்தது. முதலில் டைமர் 3இல் இருந்த காலத்தில் பெரியம்மா பாதி நம்பர் அடிக்கும்போதே "நீங்கள் அழைத்த நம்பர் பாவனையில் இல்லை" என்று ஒரு ஆங்கிலக்காரி சொல்லிவிடுவாளாம். அதைத் தீர்க்கப் பேரன் டைமரை 8 ஆக்கிவிட்டுப் போயிருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த டயல் பிளானை (எந்த மாதிரி நம்பரை எப்போது அனுப்புவது என்று அடாப்டருக்குச் சொல்லும் விதிப் பட்டியலை) வைத்துக்கொண்டு வேறு எதுவும் செய்திருக்க முடியாது. குறைத்தால் நடுவில் அறுக்கும், கூட்டினால் முடிவில் காக்க வைக்கும். ஆகவே டைமரோடு மல்லுக்கட்டாமல், நம்பர் எங்கே முடிகிறது என்பதை அடாப்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுத்துவிட்டால் டைமரை 20 விநாடியாக்கினாலும் கோல் உடனே போகும்.

முதலில் தாமதம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. கருவி எதுவும் வேண்டாம். ஒரே உள்ளூர் நம்பரை இரண்டு விதமாக அடித்துப் பாருங்கள்: ஒருமுறை வெறும் பத்து இலக்கமாக, இன்னொருமுறை முன்னால் 1 போட்டு. 1 போட்டதும் டக்கென்று மணி போய், 1 இல்லாமல் அடித்தால் மட்டும் மௌனம் என்றால், பிழை நெற்வேர்க்கில் இல்லை, டயல் பிளானில் இருக்கிறது. பெரியம்மா வீட்டில் அப்படித்தான் இருந்தது. இரண்டுமே மெதுவென்றால் கீழே டிஎன்எஸ் (சேர்வரின் பெயரை வைத்து அதன் இணைய விலாசத்தைத் தேடும் முறை) பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போங்கள்.

பிரவுசரில் அடாப்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் வொய்ஸ் என்ற தலைப்பின் கீழ் லைன் 1 இருக்கும், அதில் கீழே டயல் பிளான் என்ற நீளமான பெட்டி. அதில் இருந்தது இது:

(*××|[3469]11|0|00|[2-9]××××××|1×××[2-9]××××××எஸ்0|××.)

நான் இங்கே × போடும் இடமெல்லாம் உண்மையான பெட்டியில் ஆங்கிலச் சின்ன எக்ஸ் எழுத்து, எஸ்0 என்பது ஆங்கிலப் பெரிய எஸ் எழுத்தும் பூச்சியமும். × என்றால் ஏதாவது ஒரு இலக்கம். சதுர அடைப்புக்குள் இருப்பது அந்த இடத்தில் வரக்கூடிய இலக்கங்கள். செங்குத்துக் கோடு "அல்லது". புள்ளி என்றால் அதற்கு முன்னால் இருப்பது பூச்சியம் தடவையோ எத்தனை தடவையோ வரலாம், ஆகவே ××. என்பது ஒரு இலக்கமோ அதற்கு மேலோ. எஸ்0 என்றால் "இந்த வடிவம் நிறைந்துவிட்டால் ஒரு கணமும் காத்திருக்காதே, அனுப்பு". இந்த இலக்கணம் சிபுரா நிறுவனத்துடையது. 2005இல் சிஸ்கோ சிபுராவை வாங்கி லிங்சிஸோடு சேர்த்தது. அதனால் பழைய லிங்சிஸ் பாப்2டி வைத்திருப்பவர்களுக்கும் இதே எழுத்துக்கள்தான்.

ஒவ்வொரு இலக்கம் அழுத்தும்போதும் அடாப்டர் இந்த வடிவங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எந்த வடிவமும் இன்னும் நிறையவில்லை, ஆனால் நிறைய வாய்ப்பிருக்கிறது என்றால் நீண்ட டைமர் ஓடும். தொழிற்சாலையில் வைத்த அளவு 10 விநாடி. அது முடிந்தால் நம்பர் அரைகுறை என்று எடுத்துக்கொண்டு வேகமான பிஸி சத்தம் கொடுக்கும். ஒரு வடிவம் நிறைந்துவிட்டது, ஆனால் இன்னொன்று இன்னும் நீளலாம் என்றால் குறுகிய டைமர். தொழிற்சாலை அளவு 3. அது முடிந்தால் கையில் இருப்பதை அப்படியே அனுப்பிவிடும். இந்த இரண்டு டைமருக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல்தான் பாதிப் பேர் கஷ்டப்படுகிறார்கள்.

இப்போது அந்தக் கடைசி ××. என்ன செய்கிறது பாருங்கள். எந்த நம்பரும் போகட்டும் என்று நல்ல நோக்கத்தில் யாரோ சேர்த்தது. ஆனால் முதல் இலக்கம் அழுத்தியவுடனேயே அந்த வடிவம் நிறைந்துவிடுகிறது. ஆகவே டயல் பண்ணும் நேரம் முழுக்கக் குறுகிய டைமரின் ஆட்சி. பெரியம்மா எந்த இலக்கத்துக்குப் பிறகு மூன்று விநாடி நின்றாலும், அதுவரை அடித்த துண்டு வெளியே போய்விடும். ஆங்கிலக்காரி வந்தது அப்படித்தான். தொழிற்சாலைப் பிளானிலும் வேறொரு பொறி உண்டு: [2-9]×××××× என்ற ஏழு இலக்க வடிவம். ரொறன்ரோவில் 2001இல் 416க்கு மேல் 647 வந்ததிலிருந்து பத்து இலக்கமும் அடிக்கத்தான் வேண்டும், ஏழு இலக்கத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஆனால் அடாப்டர் ஏழாவது இலக்கத்தில் "முடிந்துவிட்டதோ" என்று சந்தேகப்படும். 0, 00 என்ற இரண்டும் அதே மாதிரி. பூச்சியம் அழுத்திவிட்டுக் கண்ணாடியைத் தேடினால் ஒப்பரேட்டருக்குப் போய்விடும். அந்த ××.ஐயும் சேர்த்து நாலையும் அழித்தேன்.

சரி, இனிப் புதுப் பிளான். உள்ளூருக்கு இரண்டு வடிவம் காணும்: [2-9]××[2-9]××××××எஸ்0, அதே வடிவத்துக்கு முன்னால் 1. வட அமெரிக்க நம்பர்களில் ஏரியா கோடும் அடுத்து வரும் மூன்றிலக்கமும் 0, 1 இல் தொடங்காது, அதனால்தான் அந்த இரண்டு இடத்திலும் [2-9]. உங்கள் இணைய போன் நிறுவனம் கட்டாயம் 1 கேட்கும் என்றால் முன்னால் <:1> போட்டால் அடாப்டரே சேர்த்து அனுப்பும். கோண அடைப்புக்குள் இருப்பதில் இடது பக்கம் அடித்தது, வலது பக்கம் அதற்குப் பதிலாகப் போக வேண்டியது.

உள்ளூர் எளிது. ஊருக்கு எடுப்பதுதான் விஷயம், பெரியம்மா வீட்டில் கோல்களில் பெரும்பகுதி அதுதான். அவர் டயல் பண்ணுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு ஒன்றும் தொடாமல் இருந்தேன். நீலக் கொப்பி, மட்டை கழன்றது, பக்கத்துக்குப் பக்கம் அடித்துத் திருத்திய நம்பர்கள். இடது கையின் சுட்டுவிரல் கொப்பியில், வலது கையின் பெருவிரல் போனில். இரண்டு இலக்கம் வாய்விட்டுச் சொல்லி இரண்டு இலக்கம் அழுத்துவார். பிறகு விரல் கொப்பியில் எங்கே நிற்கிறது என்று சரிபார்ப்பார். பிறகு அடுத்த இரண்டு. நடுவில் தேத்தண்ணி வேணுமா என்று என்னைக் கேட்டார். அந்த ஒரு கேள்வி நாலு விநாடி.

கொப்பியில் நம்பர்கள் நாலு விதமாக இருந்தன. சிலது 94 21 என்று ஒழுங்காக. சிலது ஊரில் எழுதுகிற மாதிரி 021 என்றும் 077 என்றும். சிலது 0094 என்று, ஏனென்றால் இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்கு அடிக்க 00தான், லண்டனில் இருக்கும் தம்பியார் அப்படித்தான் எழுதிக் கொடுப்பார். மிச்சம் இரண்டும் கலந்தது: 94ஐயும் போட்டு அதற்குப் பிறகு பூச்சியத்தையும் விடாமல் 94 077. இந்தக் கடைசி வகை எந்த போனிலும் போகாது. கொப்பியைத் திருத்தி எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம், அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்குள் புதிதாகப் பத்து நம்பர் பழைய மாதிரியே ஏறிவிடும். அடாப்டரைத் திருத்துவது லேசு.

இலங்கை நம்பர் 94க்குப் பிறகு ஒன்பது இலக்கம். யாழ்ப்பாணத்து வீட்டு லைன் என்றாலும் செல்போன் என்றாலும் அதே ஒன்பது. அது பெரிய வசதி. கனடாவிலிருந்து வெளிநாட்டுக்கு அடிக்க முன்னால் 011 போட வேண்டும். ஆகவே முதல் வடிவம்:

01194[1-9]××××××××எஸ்0

தேவையில்லாத பூச்சியத்தை விழுங்க:

<011940:01194>[1-9]××××××××எஸ்0

00இல் தொடங்கினால்:

<00:011>94[1-9]××××××××எஸ்0

அடுத்தது எனக்குப் பிடித்தது. ஊரில் அடிக்கிற மாதிரியே 021 என்றோ 077 என்றோ தொடங்கி அடித்தால் நேரே இலங்கைக்குப் போக வேண்டும். கனடாவில் 02 முதல் 09 வரை தொடங்கும் நம்பரை வீட்டு போனில் அநேகமாக யாரும் அடிப்பதில்லை, அந்த இடம் சும்மா கிடக்கிறது:

<0:01194>[2-9]××××××××எஸ்0

ஏன் [1-9] போடாமல் [2-9]? கொழும்பின் ஏரியா கோடு 011. கனடாவிலிருந்து வெளிநாட்டுக்கு அடிக்கும் முன்னொட்டும் 011. கொழும்பு நம்பரை 011 2 என்று ஊர் முறையில் அடித்தால், அடாப்டருக்கு அது எகிப்தோ (20) கென்யாவோ (254) என்றுதான் தெரியும். இதற்குத் தந்திரம் ஒன்றும் இல்லை. கொழும்புக்கு மட்டும் 011 94 11 என்று முழுதாக அடிக்க வேண்டும் என்று பெரியம்மாவுக்குச் சொன்னேன். "கொழும்பில ஆர் இருக்கினம், ரெண்டு பேர்தானே" என்றார். பிரச்சினை தீர்ந்தது. யாழ்ப்பாணம் 021, மன்னார் 023, வவுனியா 024, திருகோணமலை 026, மட்டக்களப்பு 065, கண்டி 081, செல்போன்கள் 07 எல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டன.

இந்தியாவுக்கு 01191[1-9]×××××××××எஸ்0, அதாவது 91க்குப் பிறகு பத்து. சென்னை ஆட்களுக்குச் சிக்கல் இல்லை. டெல்லிக்கு எடுப்பவர்கள் 011ஐ மறந்துவிட்டு 91 11 என்று தொடங்கினால் மூன்றாவது இலக்கத்தில் 911க்குப் போய்விடும். போலீஸ் திரும்ப எடுத்து விசாரிக்கும். அப்படி நேர்ந்தால் கட் பண்ணிவிட்டு ஓடாமல், தவறுதலாக அடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும்.

பிரித்தானியாவுக்கு 44க்குப் பிறகு பெரும்பாலும் பத்து, ஆனால் சில பழைய ஊர் நம்பர்கள் ஒன்பது. ஜெர்மனி இன்னும் மோசம், அங்கே நம்பரின் நீளமே ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். இந்த மாதிரி நாடுகளுக்கு "எங்கே முடியும்" என்று சொல்லிக் கொடுக்க வழியில்லை, டைமர்தான். பொதுவான ஒரு வடிவம் வேண்டும். இங்கேதான் கவனம். 011×××. என்று சுருக்கமாக எழுதினால் இலங்கை நம்பரும் அதற்குள் விழும். 01194 21 என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே இந்தப் பொது வடிவம் நிறைந்துவிட்டதாகக் கணக்காகி, குறுகிய டைமர் ஓடத் தொடங்கும், பெரியம்மா தேத்தண்ணி கேட்கும் நேரத்தில் நம்பர் அறுந்துவிடும். பல மாதிரிப் பிளான்களில் இந்த ஓட்டை இருக்கிறது. கடைசி வரியில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றைப் போட்டு, மேலே எழுதிய கவனமான வடிவங்களின் பாதிப் பலனை அழித்துவிடுகிறார்கள். ஆகவே பொது வடிவத்திலிருந்து 91, 94 இரண்டையும் வெளியே தள்ளினேன்:

011[2-8]×××××××××.
0119[0235-9]×××××××.

முதலாவதில் ஒன்பது × போட்டுப் புள்ளி, அதாவது [2-8]க்குப் பிறகு குறைந்தது எட்டு இலக்கம் வந்த பிறகே நிறையும். அதுவரை நீண்ட டைமர். நோர்வே, சுவிஸ், பிரான்ஸ் எல்லாம் இதில் போகும். அடிக்கடி எடுக்கும் நாடு என்றால் அதற்கும் தனி எஸ்0 வடிவம் எழுதலாம்: பிரான்சுக்கு 33க்குப் பிறகு ஒன்பது, நோர்வேக்கு 47க்குப் பிறகு எட்டு. பிரித்தானியாவுக்குப் பத்திலக்க வடிவம் ஒன்று எழுதிவிட்டேன். ஒன்பது இலக்கக்காரர் இருந்தால் அவர் பொது வடிவத்தில் போவார்.

அவசர நம்பர்: [2-9]11எஸ்0. 911 மட்டுமல்ல, 211, 311, ஒன்ராறியோவில் சுகாதார ஆலோசனைக்கு 811 எல்லாம் அதில் அடங்கும். 988ஐத் தனியாகச் சேர்த்தேன். தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்கான அந்த மூன்றிலக்க நம்பர் கனடாவில் 2023 நவம்பர் 30இல்தான் தொடங்கியது, பழைய பிளான் எதிலும் இருக்காது. இணைய போனில் 911 வேலை செய்ய வேண்டும் என்பது கனடாவில் 2005இலிருந்தே சிஆர்டிசி என்ற தொலைத்தொடர்பு ஒழுங்காணையத்தின் விதி. ஆனால் உங்கள் விலாசம் நிறுவனத்தின் பக்கத்தில் சரியாக இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பெரியம்மா வீட்டில் பழைய அபார்ட்மென்ட் விலாசம் கிடந்தது. தாமதத்தை விடப் பெரிய பிழை அதுதான், ஒருவரும் அதைப் பற்றி முறைப்பாடு செய்யவில்லை. சோதிப்பதற்காக 911ஐ அடிக்காதீர்கள். கரண்ட் போனால் அடாப்டரும் போகும் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள், அல்லது ரவுட்டரோடு சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ்.

கடைசியாகத் தடை. ஆச்சரியக்குறி போட்டால் அந்த வடிவத்தை அடாப்டர் அனுப்பாது: 1900×××××××! என்று போட்டேன், 1900 என்பது நிமிடத்துக்குக் கூடிய காசு பிடிக்கும் சேவைகளின் நம்பர். 1இல் தொடங்கும் எல்லா நம்பரும் கனடாவுடையதோ அமெரிக்காவுடையதோ அல்ல. 876 ஜமைக்கா, 473 கிரெனடா, 809 டொமினிக்கன் குடியரசு. ஒரு மணி மட்டும் அடித்து வைத்துவிட்டுத் திரும்ப எடுக்க வைக்கும் ஏமாற்று வேலைக்கு இவைதான் பிடித்தமான கோடுகள். அவற்றையும் தடுத்தேன். பெரியம்மாவுக்கு ஜமைக்காவில் ஒருவரும் இல்லை.

எல்லாம் சேர்ந்தால் இப்படி, நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரே வரியாக:

([2-9]11எஸ்0|988எஸ்0|*97எஸ்0|[2-9]××[2-9]××××××எஸ்0|1[2-9]××[2-9]××××××எஸ்0|01194[1-9]××××××××எஸ்0|<011940:01194>[1-9]××××××××எஸ்0|<00:011>94[1-9]××××××××எஸ்0|<0:01194>[2-9]××××××××எஸ்0|01191[1-9]×××××××××எஸ்0|01144[1-9]×××××××××எஸ்0|011[2-8]×××××××××.|<00:011>[2-8]×××××××××.|0119[0235-9]×××××××.|1900×××××××!|1876×××××××!|1473×××××××!|1809×××××××!)

*97 என் நிறுவனத்தின் வொய்ஸ்மெயில். உங்களுடையது வேறாக இருக்கலாம். பிறகு ரீஜனல் பக்கத்தில் நீண்ட டைமர் 20, குறுகியது 6. ஆமாம், கூட்டினேன். அந்த 6 இப்போது ஜெர்மனிக்காரருக்கும் அவர் போன்றவர்களுக்கும் மட்டும்தான் பொருந்தும். பிளானைச் சேமித்ததும் அடாப்டர் ஒருமுறை மீண்டும் எழும்பும். அதன் பிறகு ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு நம்பர் என்று அடித்துப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் நடுவில் வேண்டுமென்றே பத்து விநாடி நின்று. தடுத்த நம்பர்கள் உண்மையில் தடுபடுகின்றனவா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள், அவை பொதுவான 1 வடிவத்துக்கும் பொருந்துவன.

டயல் பிளான் தீர்ந்த பிறகும் கோல் போக இரண்டு விநாடி போல இழுத்தது. அடாப்டரில் சிஸ்லாக் என்ற பதிவு வசதி இருக்கிறது. ஒரு மடிக்கணினிக்கு அதைத் திருப்பிவிட்டால் கடைசி இலக்கம் எப்போது, இன்வைட் என்ற எஸ்ஐபி செய்தி (எஸ்ஐபி என்பது இணையத்தில் கோலைத் தொடங்கி முடிக்கும் முறை, இன்வைட் அதில் கோலைக் கேட்கும் செய்தி) எப்போது போனது என்பது நேரத்தோடு வரும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அடாப்டர் விலாசம் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இங்கே டிஎன்எஸ் எஸ்ஆர்வி (சேவைக்கு எந்த சேர்வர் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) என்ற தெரிவு "ஆம்" என்று இருந்தது, ஆனால் நிறுவனத்தின் அந்த சேர்வருக்கு எஸ்ஆர்வி பதிவே கிடையாது. இல்லாத ஒன்றைத் தேடி, ஏமாந்து, பிறகு வழமையான விலாசத்தைக் கேட்கிறது. "இல்லை" என்று மாற்றியதும் இடைவெளி போய்விட்டது. ஸ்டன் (ரவுட்டருக்கு வெளியே தன் விலாசம் எது என்று அடாப்டர் கேட்டறியும் வசதி) தேவையில்லாமல் இயங்கிக்கொண்டிருந்தால் அதுவும் இதே மாதிரி இழுக்கும், குறிப்பாக அந்த ஸ்டன் சேர்வர் எப்போதோ மூடப்பட்டதாக இருந்தால்.

இன்வைட் உடனே போய்விட்டது, ஆனால் பதில் வரவில்லை என்றால் வேறு கதை. எஸ்ஐபியில் யூடிபி (பொதி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) வழியாகப் போகும் இன்வைட்டுக்குப் பதில் வராவிட்டால் அரை விநாடியில் திரும்ப அனுப்பும், பிறகு 1 விநாடி, 2, 4 என்று இடைவெளி இரட்டிக்கும், 32 விநாடியில்தான் கைவிடும். பதிவில் ஒரே இன்வைட் இரண்டு மூன்று முறை வந்தால் வழியில் தரவுப் பொதி தொலைகிறது என்று அர்த்தம். முதல் சந்தேகம் ரவுட்டரின் எஸ்ஐபி ஏஎல்ஜி. உதவி செய்கிறேன் என்று எஸ்ஐபி செய்திகளுக்குள் கைவைத்துக் குழப்பும் அந்த வசதியை நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அணைத்துவிடுவேன், கேட்டும் பார்ப்பதில்லை. அடுத்தது சேர்வர் தெரிவு. பெரியம்மாவின் லைன் அமெரிக்க மேற்குக்கரை சேர்வர் ஒன்றில் பதிந்திருந்தது, ரொறன்ரோவிலேயே ஒன்று இருக்க.

இதற்கெல்லாம் பிறகும் ஊருக்கு எடுக்கும்போது மணி கேட்கச் சில விநாடி ஆகும். அது நிறுவனம் கோலைக் கைமாற்றும் பாதையில் ஆவது. மலிவுப் பாதை, நல்ல பாதை என்று இரண்டு வைத்திருக்கும் நிறுவனங்களில் நல்ல பாதைக்கு மாற்றினால் குறையும், சதங்கள் கூடும். பெரியம்மா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு என்றால் கொஞ்சம் பொறுக்கத்தான் வேணும் என்பது அவருக்கு எழுபதுகளில் ட்ரங்க் கோல் புக் பண்ணிய காலத்திலிருந்தே பழக்கம்.

கதைக்கும்போது குரல் பிந்தி வருவது வேறு தாமதம். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு நேர்த்தூரமே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அப்போ ஒருவழிக்கு 70 மில்லிவிநாடி எப்படியும் போய்விடும், கேபிள் சுற்றிப் போவதால் அதற்கும் மேல். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஆகவே மிச்சம் இருப்பதில் நாங்கள் வீணாக்கக் கூடாது. எஸ்பிஏ அடாப்டர்களில் ஆர்டிபி (குரலைக் கொண்டுபோகும் முறை) பொதியின் அளவு 0.030 என்று, அதாவது 30 மில்லிவிநாடிக் குரல் ஒரு பொதியில், என்று வைத்து வருகிறது; 0.020 ஆக்கினேன். ஜிட்டர் அளவு (பொதிகள் முன்பின்னாக வருவதைச் சமாளிக்கக் குரலைத் தாமதித்து வைக்கும் அளவு) "உயரம்" என்று இருந்ததை ஒரு படி இறக்கினேன். வைஃபை வழியாக இல்லாமல் அடாப்டர் நேரே ரவுட்டரில் வயரில் இருந்தால் இதை இறக்கலாம். குரல் கரகரத்தால் திரும்ப ஏற்றுங்கள். கோடெக் (குரலை எண்களாக மாற்றும் முறை) ஜி.711தான், ஒரு திசைக்குத் தலைச்சுமை எல்லாம் சேர்த்து 90 கிலோபிட்டுக்குள் அடங்கும், இன்றைய இணைப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பேரன் வீடியோ ஏற்றும்போது மட்டும் குரல் ஒரு விநாடி பிந்தியது. அது வேகம் போதாமை இல்லை, ரவுட்டரின் அப்லோட் வரிசை நிரம்பி, குரல் பொதிகள் வீடியோவுக்குப் பின்னால் நிற்பது. ரவுட்டரில் அடாப்டருக்கு முன்னுரிமை கொடுத்ததும் நின்றது.

கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801, எச்டி802 வைத்திருப்பவர்களுக்கு: எண்ணம் அதே, எழுத்து வேறு. வளைவு அடைப்புக்குப் பதில் நெளி அடைப்பு, <0=01194> என்று நடுவில் சமக்குறி, தொழிற்சாலைப் பிளானில் ×+ என்று எல்லாவற்றையும் ஏற்கும் ஒரு வடிவம், அதற்கு 4 விநாடி டைமர். எஸ்0 எழுதத் தேவையில்லை, நீளம் திட்டமாக இருக்கிற வடிவம் நிறைந்ததும் தானே அனுப்பும். மாறாகக் காத்திருக்க வேண்டும் என்றால்தான் முடிவில் ஆங்கில டி எழுத்து, அது 3 விநாடி. அந்த ×+ஐ எடுத்துவிட்டு மேலே உள்ள வடிவங்களை மாற்றி எழுதினால் காணும். நீளம் தெரியாத நம்பருக்கு # அழுத்தினால் உடனே போகும், அந்த வசதி அதில் முதலிலிருந்தே இயங்கும்.

எஸ்பிஏ112 பற்றி ஒரு எச்சரிக்கை. இது சிஸ்கோ கைவிட்ட சாமான். 2023 மே மாதம் இதன் நிர்வாகப் பக்கத்தில் கடுமையான ஓட்டை ஒன்றை அறிவித்து, திருத்தம் வராது என்றும் சொல்லிவிட்டார்கள். வேலை செய்கிற பெட்டியை எறிய மனம் வராது, எனக்கும் வரவில்லை, ஆனால் ரவுட்டருக்கு உள்ளே மட்டும் இருக்கட்டும். வெளியிலிருந்து அதன் பக்கத்தைத் திறக்க ஒரு போர்ட்டும் விடாதீர்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், நிறுவனத்தின் பக்கத்தில் வெளிநாட்டுக் கோலுக்கு நாள் வரம்பு ஒன்றும் போடுங்கள். புதிதாக வாங்குவதானால் இதை வாங்க வேண்டாம்.

மேலே உள்ள வரியை ஒரு கோப்பில் போட்டுப் பேரனுக்கு அனுப்பிவிட்டேன், அடாப்டர் எப்போதாவது பழைய நிலைக்குத் திரும்பினால் ஒட்டுவதற்கு. ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பாவின் நம்பரைத் தனி எஸ்0 வடிவமாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். ஒரே ஒரு நம்பர் என்றால் அது சுகம்; முழு நம்பரையும் × இல்லாமல் எழுதி, முடிவில் எஸ்0.